முகத்தின் வலப்பாதி

வலி வருவது சில நொடிகளுக்குத்தான். மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். கன்னத்திலோ மேல்தாடையிலோ மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வெட்டு. பிறகு ஒன்றுமே இல்லை, முகம் பழையபடி இருக்கிறது. ஆனால் அடுத்தது எப்போது வரும், எது பட்டால் வரும் என்பது தெரியாது. கொஞ்சம் காற்று, முகத்தில் தெளித்த தண்ணீர், ஒரு கவளம் சோறு, ஒரு சொல், எதுவும் போதும். டிரைஜெமினல் நியூரால்ஜியா என்று மருத்துவர்கள் சொல்லும் முக்கிளை நரம்பு வலி இது. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஐந்தாவது இணை முகத்துக்கு உரியது. அது பக்கத்துக்கு மூன்றாகப் பிரிந்து நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒரு கிளை, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒரு கிளை, கீழ்த்தாடைக்கு ஒரு கிளை என்று போகிறது. பெரும்பாலும் கீழிரண்டு கிளைகளில்தான் வலி. இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், ஐம்பது வயதுக்கு மேல் அதிகம்.

என் பெரியம்மாவுக்கு இது 1960களின் கடைசியில் வந்தது. எனக்கு ஐம்பத்து நான்கு வயதில் வந்தது. குடும்ப வழியாக வருவது அரிது என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்துவிட்டது, இருவருக்கும் வலப்பக்கம். தன் நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்பது தெரியாமலே பெரியம்மா 1981இல் போய்விட்டார். நரம்பியல் மருத்துவர் என்னிடம் அந்தப் பெயரைச் சொல்லி அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, பாதிக் கேள்விகளுக்கு மேல் நான் பெரியம்மாவை நினைத்தே பதில் சொன்னேன்.

கும்பகோணத்தில் கிணற்றடியில் அவர் முகம் கழுவுவது இப்போதும் கண்ணில் நிற்கிறது. சொம்பிலிருந்து தண்ணீரை இடக்கையில் ஊற்றிக்கொண்டு, இடக்கன்னத்தை மட்டும் தேய்ப்பார். வலப்பக்கம் வரும்போது கை நின்றுவிடும். ஈரத்துணியின் நுனியால் காதோரம் மட்டும் ஒற்றிக்கொள்வார். மஞ்சளும் பாதி முகத்துக்குத்தான். அதனால் முகத்தில் நடுக்கோடு போட்டது போல இரண்டு நிறம். வலி பிடிக்கும்போது அலறமாட்டார். பேச்சு பாதியில் நிற்கும், கண் இறுகும், வலக்கை கன்னம் வரை எழுந்து, தொடாமல் ஓர் அங்குலத்தில் நிற்கும். பிற வலிகளில் கை தானாகப் போய் அழுத்திப் பிடிக்கும். இதில் பிடிக்கவும் முடியாது.

மூக்குத்திதான் பெரிய விவகாரமாகிவிட்டது. மூக்கின் ஓரம் இந்த வலியின் விசை இருக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று. ஏழு கல் பேசரி, கல்யாணத்தில் போட்டது, கழுவும்போதும் துடைக்கும்போதும் அசையும். ஒருநாள் தட்டானை வீட்டுக்கு வரவழைத்துக் கழற்றிவிட்டார். பெரியப்பா இருக்கும்போதே சுமங்கலி மூக்குத்தியைக் கழற்றலாமா என்று தெருவே கேட்டது. அதற்குப் பிறகு மூன்றாவது மாதம் பெரியப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது என்ன பேசினார்கள் என்பதை அம்மா இன்றைக்கும் கோபத்தோடுதான் சொல்கிறார். வலியைவிட அந்தப் பேச்சுதான் அக்காவைச் சாப்பிட்டது என்பது அம்மாவின் கட்சி.

பல் விஷயம் இன்னும் மோசம். மேல்தாடையில் மின்னும் வலி பல்லிலிருந்து வருவதாகத்தான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதலில் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். சில மாதம் வலி இல்லை. பல்லைப் பிடுங்கியதால் போயிற்று என்று எல்லோரும் நம்பினார்கள். இந்த நோயில் வலி தானாகவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஓய்ந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. திரும்ப வந்ததும் அடுத்த பல். அப்படியே வலப்பக்கம் மேல்வரிசை முழுவதும் போயிற்று. அதற்கப்புறம் கிராம்புத் தைலம், சுக்குப் பத்து, நொச்சி ஆவி. அதுவும் கேட்காதபோது நாகூர் தர்காவில் மந்திரித்த கயிறு. ஆவி பிடிப்பதுதான் மிகக் கொடுமை, முகத்தில் சூடு பட்ட மறுநொடியே வெட்டும். செய்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

அதே காலத்தில் உலகில் என்ன இருந்தது என்று இப்போது படித்துப் பார்க்கிறேன். நோய் புதியதல்ல. 1756இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே இதற்கு ஒரு பெயர் வைத்தார், 1773இல் லண்டனில் ஜான் ஃபாதர்கில் விரிவாக விவரித்தார். ஆனால் எந்த நரம்பு குற்றவாளி என்பதே நெடுங்காலம் தெரியவில்லை. முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, முகத்தில் உணர்ச்சி தரும் நரம்பு வேறு என்று சார்லஸ் பெல் 1820களில் பிரித்துக் காட்டும்வரை, அசைக்கும் நரம்பை வெட்டியவர்களும் உண்டு. வலி அப்படியே இருக்க வாய் மட்டும் கோணிப்போகும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில், டிரைகுளோரோ எத்திலீன் என்ற ரசாயனத்தின் ஆவி பட்ட ஆலைத் தொழிலாளர்களுக்கு முகம் மரத்துப்போனதைக் கண்டு, அதையே நோயாளிகளுக்கு முகரக் கொடுத்தார்கள். நரம்புக்குள் சாராய ஊசி போட்டு அதைச் சாகடிப்பதும், மண்டையைத் திறந்து நரம்பின் வேரை வெட்டுவதும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய மருத்துவமனைகளில் நடந்தன. ஹார்வி குஷிங் 1900இல் அந்த அறுவையைச் செம்மைப்படுத்தியதால் மேசையிலேயே இறப்பவர்கள் குறைந்தார்கள்.

வெட்டினால் வலி போகும், கூடவே முகத்தின் உணர்ச்சியும் போகும். எச்சில் ஒழுகுவது தெரியாது, கன்னத்துக்குள் சோறு தங்கினால் தெரியாது. கண்ணுக்குப் போகும் கிளையும் மரத்துவிட்டால், தூசி விழுந்து கருவிழி புண்ணாவதும் தெரியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியிலிருந்து தொழுநோயாளிகளிடையே வேலை செய்த பால் பிராண்ட், அவர்களுடைய கைகால் விரல்கள் அழிவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் போவதே என்று கண்டு சொன்னார். வலியே இல்லாமல் செய்துவிட்டால் போதும் என்று நோயாளி கெஞ்சும் இடத்தில், மருத்துவர் ஏன் தயங்குகிறார் என்பதை அதைப் படித்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

அதே வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பெரியம்மாவுக்கு வலி வந்தபோது இரண்டும் ஏறக்குறைய இருபது வயதுத் துறைகள். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ரயில் இருந்தது. போக வேண்டியது பல் மருத்துவரிடம் அல்ல, அங்கே என்று சொல்லத்தான் ஓர் ஆள் இல்லை.

மாத்திரையும் இருந்தது. 1953இல் ஸ்விட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் உருவாக்கிய கார்பமசெபைன், இந்த வலியைக் கட்டுப்படுத்துகிறது என்று ஸ்வீடன் மருத்துவர் புளோம் 1962இல் எழுதினார். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான். சாதாரண வலி மாத்திரைகள் இதில் பயன்படுவதில்லை, மார்ஃபின்கூடப் பெரிதாக உதவாது. தாறுமாறாகச் சமிக்ஞை விடும் நரம்பை அடக்குகிற மருந்துதான் வேண்டும். உலகில் அது இருந்தும் பெரியம்மா பன்னிரண்டு ஆண்டு வெறும் கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்தார் என்பதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை.

எனக்கு எப்படி நடந்தது என்று சொன்னால், காலம் மாறியதும் மாறாததும் சேர்ந்தே தெரியும். நானும் முதலில் பல் மருத்துவரிடம்தான் போனேன். இன்று யாரும் எடுத்த எடுப்பில் பல்லைப் பிடுங்குவதில்லை. எனக்கு இரண்டு பற்களுக்கு வேர்ச் சிகிச்சை செய்து மேலே தொப்பி போட்டார்கள். பற்கள் இருக்கின்றன, வலியும் இருந்தது. பழைய தவறுதான், விலை ஏறியிருக்கிறது. ஆனால் பெரியம்மாவுக்கு வாழ்நாளில் கிடைக்காத விடை எனக்கு ஓர் ஆண்டுக்குள் கிடைத்துவிட்டது. நரம்பியல் மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. எத்தனை நொடி, எங்கே தொட்டால், தூக்கத்தில் வருமா, நடுவில் முழுக்கச் சும்மா இருக்குமா என்று கேட்டார். கேட்டே கண்டுபிடித்துவிட்டார். ஸ்கேன் பிறகுதான்.

அந்த ஸ்கேன் படத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. மூளைத்தண்டிலிருந்து நரம்பு வெளியே வரும் இடத்தில், சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று வளைந்து வந்து அதன்மேல் படிந்திருந்தது. வயதாக ஆகக் குழாய்கள் நீண்டு வளைகின்றன, ஒவ்வொரு துடிப்பிலும் நரம்பின்மேல் இடிக்கின்றன, நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை அந்த இடத்தில் தேய்ந்துபோகிறது. உறை போன இடத்தில் தொடுகைக்கான செய்தி வலிக்கான இழைக்குத் தாவுகிறது. அதனால்தான் மெல்லிய தொடுதல்கூடப் பெருவலி. 1934இலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி, தான் திறந்து பார்த்த பலருக்கு ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதைக் கண்டதாக எழுதிவிட்டார். அதை அன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1960களின் நடுவில் பயிற்சி மருத்துவராக இருந்த பீட்டர் ஜனெட்டா, பல் மருத்துவ மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அந்த நரம்பை நுண்ணோக்கியின் கீழ் பிரித்தெடுத்தபோது அதே குழாயைப் பார்த்தார். நரம்பை வெட்டாமல் குழாயை நகர்த்தி, நடுவில் சிறு டெஃப்லான் பஞ்சை வைக்கும் அறுவை அதிலிருந்து பிறந்தது. 1996இல் வெளியான அவர் குழுவின் கணக்கில் 1,185 நோயாளிகள். பத்தாண்டு கழித்தும் 70 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமல் வலியின்றி இருந்தார்கள். இரண்டு பேர் அறுவையை ஒட்டி இறந்தார்கள், நூற்றில் ஒருவருக்கு அந்தப் பக்கக் காது கேட்காமல் போயிற்று.

அந்த எண்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். வயதும் உடல்நிலையும் இடம் கொடுக்கும்போதே செய்துகொள்வது நல்லது என்கிறார் அறுவை மருத்துவர். மாத்திரை கேட்கும்வரை பொறுக்கலாம் என்பது என் எண்ணம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும், யோசிக்க ஒரு வழி இருக்கிறது என்பதே பெரியம்மாவுக்கு இல்லாத செல்வம்.

மாத்திரையின் கணக்கு வேறு. முதல் வாரத்திலேயே வலி விலகியபோது, கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு ஒன்றை வலப்பக்கமாகவே கடித்துத் தின்றேன். அதே வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தலை சுற்றியது, பகலெல்லாம் தூக்கம். பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் ஒரு பிள்ளையின் முகம் தெரிகிறது, அவள் அப்பாவின் வேலை நினைவிருக்கிறது, அவள் பெயர் வரவில்லை. முப்பது ஆண்டு வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே பெயர் சொல்லிப் பழகியவளுக்கு அது சின்ன இழப்பல்ல. ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், வெள்ளணுக்களையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும். மருந்தைத் தொடங்கும் முன்பே மரபணுச் சோதனை ஒன்று எழுதிக்கொடுத்தார்கள். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம் என்று 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆசிய மரபினரிடம்தான் அது அதிகம் என்பதால், 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்கு முன்கூட்டியே சோதிக்கச் சொன்னது. பெரியம்மா வலியில் விழித்திருந்தார். நான் வலி இல்லாமல் கொஞ்சம் மங்கியிருக்கிறேன். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனாலும் மங்கல் மங்கல்தான்.

அவருடைய வாழ்க்கையில் ஒன்று எனக்கு வாய்க்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இராது. நோயின் பெயர் தெரியாத அந்த வீடு அதற்குத் தக்கபடி மாறிக்கொண்டது. ஆடி மாதம் காற்றடிக்கும்போது மேற்குப் பக்க ஜன்னல்களைச் சாத்தி, சாக்கைத் தொங்கவிடுவார்கள். அவருக்கு ரசம் சாதத்தைத் தனியாகக் குழையக் கரைத்து, ஆறவைத்து, மற்றவர்கள் சாப்பிடும் முன்பே கொடுத்துவிடுவார்கள், அவசரமில்லாமல் இடப்பக்கமாக விழுங்கட்டும் என்று. பேச முடியாத நாட்களில் அவர் கை ஜாடை காட்டுவார், சிறுவர்கள் எங்களுக்கு அது முழுக்க அத்துபடி. உப்பு, விசிறி, பால்காரன், எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை. எங்களிடமிருந்து அவர் ஒளிந்துகொள்ளவில்லை. முகம் இறுகும்போது கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், தளர்ந்ததும் விட்ட இடத்தில் தொடர்வார்கள்.

எனக்கு அப்படி யாரும் நிறுத்திக் காத்திருக்க வேண்டிய தேவையில்லை. பேச முடியாத நாளில் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். மென்று தின்ன முடியாவிட்டால் மிக்ஸியில் அரைத்துக்கொள்கிறேன். பேருந்தின் ஜன்னலோரமும் ஏசி காற்று நேரே விழும் நாற்காலியும் ஆகாதவை, அவற்றைச் சொல்லாமலே தவிர்க்கப் பழகிவிட்டேன். 2020இல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது, அதன் விளிம்பு கன்னத்தில் உரசுவது தொல்லையாகவும், காற்றை மறைத்தது வரமாகவும் இருந்தது. யாருக்கும் பாரமில்லாமல் நோயை நானே நடத்திக்கொள்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. என் வீட்டில் உள்ளவர்களுக்கு என் வலியின் முகம் தெரியாது என்பதும் உண்மை.

நம்பிக்கையின் இடமும் மாறியிருக்கிறது. அன்று பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து நம்பினார்கள். பேய் என்றோ தெய்வக் குற்றம் என்றோ நினைத்தாலும், வலிக்கிறது என்பதைச் சந்தேகிக்கவில்லை. இன்று அறிக்கையைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஸ்கேனில் குழாய் தெரிவதில்லை. தெரிகிற பலருக்கு வலியே இருப்பதில்லை. மருத்துவமனை வரிசையில் எனக்கு அருகில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கணவர், "எம்.ஆர்.ஐ. நார்மல்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்று எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்திருந்தால் வலித்திருக்கும். 2011இல் நடிகர் சல்மான் கான் தனக்கு இந்த நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னது பலருக்குப் பெரிய உதவி. இன்று பெயரைச் சொன்னால், "அவருக்கு வந்ததா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கி, நாள்பட்ட நரம்பியல் நோய்களையும் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல், நாள்பட்ட வலிக்குத் தனிக் குறியீடு கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் சலுகைகளில் பலவற்றுக்கு 40 விழுக்காடு குறைபாடு காட்ட வேண்டும். மருத்துவக் குழு பார்க்கும் நேரத்தில் வலிக்காத முகத்துக்கு யார் எத்தனை விழுக்காடு போடுவார்கள்?

எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அம்மா ஒருவர் இருக்கிறார். கூவிக் கூவி விற்றவர், சென்ற ஆண்டு திடீரென்று கூவாமல் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். கேட்டதற்குத் தாடையைக் காட்டினார், தொடாமல். எனக்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது. நான் சொல்லும் முன்பே அவர் பக்கத்து ஊரில் ஓர் இளம் பல் மருத்துவரைப் பார்த்திருந்தார். அந்தப் பெண் எந்தப் பல்லையும் தொடாமல், இது பல் இல்லை என்று ஒரு சீட்டில் எழுதி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். அங்கே கார்பமசெபைன் 100 மில்லி கிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. மருந்தகத்தில் காசு இல்லாமல் கொடுத்தார்கள். வலி நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் இரவு மாத்திரையை மட்டும்தான் போடுகிறார். காலையில் போட்டால் தலை சுற்றுகிறதாம், விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டில் கூடையைத் தூக்க முடியவில்லையாம். ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொன்ன தேதியும் தாண்டிவிட்டது. "ஒரு நாள் போனா அன்னைக்கு யாவாரம் போச்சுல்ல டீச்சர்" என்றார். வலி மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது, பல் தேய்க்கும்போது மட்டும் என்கிறார். அடுத்த அமாவாசை கழிந்து வியாபாரம் மந்தமாக இருக்கும் நாளாகப் பார்த்து, அவரைக் கூட்டிக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்குப் போவதாக இருக்கிறோம். எனக்கும் அன்றைக்கே சோடியம் பார்க்க வேண்டும்.